ஈசானிய மூலைக் குழி

கான்கிரீட் போடும் நாள் காலையில், அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு பொறியாளராக நான் மென்பொருளில் கொடுத்த அளவுகளை டைரியில் எழுதிவைப்பது என் வழக்கம். கான்கிரீட் தரம், கம்பித் தரம், கம்பியைச் சுற்றி மூடும் கான்கிரீட்டின் கனமான கவர், கடைசியாக மண்ணின் தாங்குதிறன். அன்று முதுநகரில் என் வீட்டில் எழுதும்போது கடைசி வரியில் கை நின்றது. சதுர மீட்டருக்கு 200 கிலோநியூட்டன். அது பண்ருட்டிச் செம்மண்ணுக்கு உரியது. இப்போது கட்டும் வீடு எழும்புவதோ சிதம்பரத்துக் களிமண்ணில். அங்கே மண் பரிசோதனை அறிக்கை சொன்னது 100.

பண்ருட்டி வேலையின் கோப்பை வேறு பெயரில் சேமித்துத் தூண் சுமைகளை மாற்றியிருந்தேன். உப்புத் தண்ணீருக்காகக் கவரை 50 மில்லிமீட்டரிலிருந்து 75 ஆக்கவும் மறக்கவில்லை. மண் விவரம் இருந்த பக்கத்தைத்தான் திறக்கவில்லை. தூண்களின் அடிப்பீடமான ஃபுட்டிங் எல்லாம் தாங்கும் என்று திரையில் பச்சையாக வந்ததும் வரைபடத்தை அனுப்பிவிட்டேன்.

மணி 7.40. கான்கிரீட் போட ஒன்பதுக்கு நல்ல நேரம். காண்ட்ராக்டர் என் மனைவியின் தம்பி. ஆறு முறை அழைத்தும் அவன் எடுக்கவில்லை. பஸ் சிப்காட்டைத் தாண்டுவதற்குள் இன்னும் நான்கு முறை. உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

9.25க்குப் போய்ச் சேர்ந்தேன். மிக்சர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஈசானிய மூலைக் குழி ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

"நிறுத்து மச்சான்!"

"என்னா மாமா, நல்ல நேரத்துல வந்து நிறுத்துன்றீங்க? மெஷின் சத்தத்துல போன் எங்க கேக்குது?"

செங்கல் அடுக்கின் மேல் லேப்டாப்பை வைத்துத் தாங்குதிறனை 100 என்று அடித்தேன். எல்லாம் சிவப்பு. மற்ற குழிகளைப் பெரிதாக்கலாம். போட்ட குழி நாலடிச் சதுரம், ஐந்தடி வேண்டும். மூலைத் தூணுக்குச் சுமை குறைவுதானே என்று 130 அடித்துப் பார்த்தேன். அது மட்டும் பச்சையானது. அறிக்கை என் பைக்குள் இருந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. அந்தப் பச்சையைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று டைரியில்கூட எழுதவில்லை.

வீட்டுக்காரம்மா பக்கத்தில் வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபது வருடச் சேமிப்பில் கட்டும் வீடு.

"என்ன சார் ஆச்சு?"

130ஐ அழித்தேன். "தப்பு என்னோடது. உங்க மண் ரிப்போர்ட் என் பையிலயே இருந்தும் வேற ஊர் மண்ணோட கணக்கு உங்க வீட்டுக்கு வந்துடுச்சு. இந்தக் குழியில போட்டத இறுகறதுக்குள்ள அள்ளணும். செலவு என் பொறுப்பு."

"இதுலதான் சார் நவதானியம் போட்டோம்." அவர் குரல் இறங்கியது. "அப்படியே விட்டா?"

"இந்த மூலை அமிழும். சுவர் வெடிக்கும்."

மச்சான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். "எங்க அக்காகிட்ட இந்தச் செலவெல்லாம் சொல்லிட்டுத்தான் வந்தீங்களா மாமா?" என்றவன், என் பதிலுக்குக் காத்திராமல் மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கினான்.

அள்ளி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு அந்த அம்மா என் பையைக் காட்டி, "அந்த ரிப்போர்ட்டக் குடுங்க. நான் படிக்கிறேன், நீங்க அடிங்க. ஊசி போடறப்ப மருந்தையும் அளவையும் நாங்க ரெண்டு பேர் பாப்போம்" என்றார்.

அவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நான் அடித்துவிட்டு அதையே அவரிடம் திரும்பச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார்.