மழையின் கொள்முதல் விலை

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை வீட்டுக்காரர் கடையில் ஒரு திருட்டைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது போலீஸ் இல்லை — அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்!

மாப்பிள்ளைக்குக் காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரம். நெசவாளர் வீடுகளுக்கு நூலை எடைபோட்டுக் கொடுத்து, சேலையாக வாங்குவார். பிள்ளையார்பாளையம் தேவகிக்குப் போன கோடையில் ஒரு கல்யாண ஆர்டருக்காக இரண்டு கிலோ கொடுத்திருந்தார். கல்யாணம் தள்ளிப்போனது. நூல் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது.

ஐப்பசி மழையில் ஸ்டாக் எடுத்தார்கள். பட்டு ஈரம் குடிக்கும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? சிஸ்டத்துக்குத் தெரியாது. சிஸ்டம் வாங்கிய பிறகு மாப்பிள்ளைக்கும் மறந்துவிட்டது. தேவகி வீட்டு நூல் எடை நூறு கிராம் கூடுதலாகக் காட்டியது.

கணக்கைச் சரிசெய்ய உட்கார்ந்த மேதை யார்? அடியேன்தான்! ‘கூடுதல் சரக்குக்கு என்ன விலை?’ என்று சிஸ்டம் கேட்டது. மழையிடம் பில் வாங்க மறந்துவிட்டேனே... பூஜ்யம் என்று போட்டேன். சமத்தாக வாங்கிக்கொண்டது.

இப்போது கத்திரி வெயில். தராசில் வைத்தால் இரண்டே கிலோ. கணக்குக்கு நூறு கிராம் குறைகிறது! சரக்கைக் கூட்டினால் விலை கேட்கிற சாஃப்ட்வேர், குறைத்தால் கேட்பதில்லை. வாங்கின விலையைத் தானே போட்டுக்கொள்கிறது. என்ன சுறுசுறுப்பு!

யோசித்துப் பாருங்கள். கொடுத்தது இரண்டு கிலோ. இருப்பது இரண்டு கிலோ. நடுவில் நூறு கிராம் திருட்டு!

அதைத் தேவகியின் கூலியில் பிடிப்பதாக மாப்பிள்ளை சொல்லிவிட்டார். நான் போனபோது அந்தம்மா கடையில் கண் கலங்க நின்றிருந்தார்.

“இருவது வருசமா உங்க நூலைத் தொட்டுக்கினு இருக்கேன். ஒரு இழை எங்கிட்ட நின்னிருக்குதா? கூலி போனா போவுது மொதலாளி... திருடின்னு பேரு வச்சிட்டீங்களே!”

“நான் சொல்லலம்மா, சிஸ்டம் சொல்லுது. நீயே பாரு — ‘தேவகி குடோன், நூறு கிராம் குறைவு’.”

“குடோனா? எது, எங்க வூடா?”

“சரக்கு எங்க இருந்தாலும் சாஃப்ட்வேர்ல அப்பிடித்தாம்மா போடணும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பூஜ்யம் போட்ட கை என் கை அல்லவா?

“மாப்ள, அந்த நூறு கிராம் மழைத் தண்ணி. ஏத்தினது நான்தான்” என்று சொல்லி, ஐப்பசிப் பதிவை அழித்தேன். திருட்டு காணாமல் போனது. தராசும் கணக்கும் ராசியாகிவிட்டன.

கூடினால் கடைக்கு, குறைந்தால் தேவகிக்கு — இந்த விதியைச் சாஃப்ட்வேரா கண்டுபிடித்தது? நாம் சொல்லிக்கொடுத்ததுதானே!

தேவகியிடம் மன்னிப்புக் கேட்டேன். மாப்பிள்ளை மானிட்டரைத் துடைத்துக்கொண்டே, “சரிமா, கூலியில பிடிக்கல. போய்ட்டு வா” என்றார்.

தேவகி நகரவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“அது இருக்கட்டும் மொதலாளி. எங்க வூடு குடோன்னு சொன்னீங்களே... வாடகை எப்போ தருவீங்க?”