ஒரே ஒரு வளைவு

சவ வண்டியை ஓட்டிய அவர் மெலிந்த மனிதர். கறுப்புக் கோட்டு அவருக்குத் தொளதொளத்தது. பக்கத்து இருக்கையில் நான். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பழைய கார்க் கதைதான்.

"ஜாகுவார் ஈ-டைப்பும் போர்ஷ் 911-உம் ஒரே காலத்துக் கார். ஜாகுவார் நல்ல வடிவு. ஆனா வளைவில போர்ஷ்தான் ரோட்டை விடாது. உங்களுக்கு எது விருப்பம், அண்ணை?"

"எனக்குத் தெரியாது. தம்பிக்குப் போர்ஷ் எண்டால் பைத்தியம். அவன் ஒருநாளும் அதில ஏறினதில்லை."

"அவரும் பின்னால வாறாரோ?"

"ஓம். பெட்டிக்குள்ள."

அவர் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். மில்லிக்கன் பகுதியிலிருந்து ஊர்ந்தே வந்தவர், தகனசாலைக்கு முந்திய திருப்பத்தில் மட்டும் வண்டியை விரட்டி வளைத்தார். பின்னால் பெட்டி மெல்ல அசைந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இன்றுவரை வரவில்லை.