சவளக்கடைக்குக் கொண்டுபோன '1'

போன சனிக்கிழமை மருதமுனையிலிருந்து சவளக்கடைக்குப் போய் வந்தேன், குகனைப் பார்க்க. கடற்கரையில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடும் எங்கள் ஏழு பேரில் அவனும் ஒருவன். (ஓம், எங்கட பக்கமும் அந்த விளையாட்டு இருக்கு. நம்புங்கள்.) போன வருடம் முதல் மேட்ச்சுக்கு முந்தின நாள் பயிற்சியில் அவனுடைய முழங்கால் பிசகியது. இரண்டு ஒப்பரேஷன். திரும்ப விளையாடலாமா என்று வெள்ளிக்கிழமை கிளினிக்கில் சொல்வதாக இருந்தது. நான் போட்ட மெசேஜுக்குப் பதில் வரவில்லை.

பையில் இந்த வருட ரொஸ்டர், நான் அடித்த ஆட்டக்காரர் பட்டியல். அமெரிக்க அணிகள் போடுவது மாதிரியே பெயர், நம்பர், உயரம், அனுபவம். புதியவனுக்கு அனுபவக் கட்டத்தில் 'ஆர்', 'ரூக்கி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. போன வருடம் எல்லாருக்கும் ஆர்தான். ஒரு வருடம் முடிந்துவிட்டதே என்று இந்த முறை எல்லாருக்கும் '1' போட்டேன். குகனுக்கும்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

காலை 8.10 பஸ், கல்முனைக்கு 4 கிலோமீற்றர், 50 ரூபாய். அங்கிருந்து ஓட்டோ, 9 கிலோமீற்றர், 1,000 ரூபாய். கிட்டங்கித் தாம்போதியில், அந்தத் தாழ்ந்த பாலத்தில், தண்ணீர் ரோட்டுக்கு மேலே ஓடியது. "காலத் தூக்கி வெச்சிக்கங்க தம்பி, சப்பாத்து நனையும்" என்றார் ஓட்டோக்காரர். நனைந்தது.

குகன் கட்டிலில் இருந்தான். கிளினிக்கைப் பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை, தாளை நீட்டினேன். கனநேரம் பார்த்தான்.

"பேனை இரிக்கா மச்சான்?"

மற்ற ஆறு பேருக்கும் நேரே இருந்த 1ஐ வெட்டி 2 என்று எழுதினான். பதினொரு மாதம் படுக்கையில் கிடந்து, நான் படிக்காததை அவன் படித்திருந்தான். ஒரு வருடம் விளையாடியவனுக்கு இது இரண்டாவது வருடம், அதனால் ஆரிலிருந்து நேரே 2. அணியோடு இருந்தும் ஒரு மேட்ச்சும் கணக்கில் ஏறாதவனுக்குத்தான் 1. அவன் புதியவனும் இல்லை, ஆடியவனும் இல்லை.

தன்னுடைய 1ஐ அவன் தொடவில்லை.

"எனக்கு மட்டுந்தான்டா நீ சரியா எழுதியிரிக்காய்" என்றான். பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, "வாற வருஷம் என்ட பேரப் போடாத. டொக்டர் சொல்லிட்டார்."

இந்தப் பக்கம் போகிறவர்கள், மழை நாளில் கிட்டங்கியில் தண்ணீர் எவ்வளவு என்று கல்முனை பஸ் ஸ்டாண்டிலேயே கேட்டுவிடுங்கள். ரொஸ்டர் அடிக்கிறவர்களுக்கும் ஒன்று: சில இணையத்தளங்கள் முடிந்த வருடங்களைப் போடுகின்றன, அணிகளின் தாளில் எண் வேறாக வரும். யாருக்காவது கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் அந்தக் கட்டத்தைச் சரியாகப் படியுங்கள்.

நான் புதுத் தாள் அடிக்கவில்லை. அவன் வெட்டித் திருத்திய தாளையே படமெடுத்து குரூப்பில் போட்டேன். எல்லாரும் பார்த்ததாக நீல அடையாளம் விழுந்தது.