வாப்பா போட்ட முடிச்சு

வாப்பா கடலுக்குப் போகிறவர். அவர் போடும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். மன்னார்த் தீவில், எங்கள் பின்வளவில் ஒரு பூவரசங்கட்டையை நட்டு, பழைய வலைக்கயிற்றால் அப்படியொரு முடிச்சுப் போட்டு இரவில் எங்கள் மறியாட்டைக் கட்டிவைப்பார். பகலில் அவிழ்த்துவிட்டால் அது நேரே அடுத்த வளவுக்குத்தான் பாயும். இக்கரை மாட்டுக்கு மட்டுமல்ல, எங்கள் ஆட்டுக்கும் அக்கரைதான் பச்சை. "நானா, உங்கட ஆடு என்ர முருங்கையை மொட்டையடிச்சிட்டுது!" என்று அந்த வீட்டு டீச்சர் வாப்பாவைக் கூப்பிட்டபடி வேலியோரம் வந்து நிற்பார். வாப்பாவுக்கு வெட்கமாகப் போய்விடும்.

முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று துப்பாக்கியோடு வந்த இயக்கக்காரர்கள் சொன்ன அன்று, கரையில் வள்ளம் காத்திருக்க, வாப்பா ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். "அவுத்து விடுங்களேன்" என்றா உம்மா. "ரெண்டு நாள்ல வந்திருவம். அதுக்குள்ள டீச்சர்ட முருங்கையில வாய வெச்சா எந்த முகத்தோட அவவப் பாக்கிற?" என்றார் வாப்பா. சட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு வந்தார்.

புத்தளத்து அகதி முகாமில் கிடுகுக் கூரையை இரண்டாம் தடவை மாற்றியபோதுதான், இனித் திரும்புவது இல்லை என்பது அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். அதன்பிறகு கட்டிக் கிடக்கும் யாருடைய ஆட்டைக் கண்டாலும் அவிழ்த்துவிடுவார். ஏச்சு வாங்குவார். பெருநாள் இறைச்சியைத் தொடமாட்டார். மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்கு முன்பும் உம்மாவிடம், "யாராச்சும் அவுத்திருப்பாங்களா?" என்றுதான் கேட்டார். உம்மா ஓம் என்றா. அவர் நம்பவில்லை.

சண்டை முடிந்து நான் போனபோது டீச்சருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆட்டைப் பற்றிக் கேட்டேன்.

"நீங்கள் போன அண்டு பின்னேரமே கத்தத் தொடங்கிட்டுது. உங்கட வாப்பாட முடிச்சு என்னால அவிழ்க்க ஏலுமே? மீன்கத்தியால கயித்தை அறுத்துவிட்டனான். முருங்கையைத் தின்னட்டும் எண்டு படலையையும் திறந்து வச்சனான். வாயே வைக்கேல்லைப் பிள்ளை. உங்கட வாசலிலயே படுத்துக் கிடந்து செத்துது."

பின்வளவுக்குப் போனேன். வாப்பா நட்ட கட்டை வேர்விட்டுப் பெரிய மரமாகியிருந்தது. முடிச்சு மட்டும் பாதி பட்டைக்குள் புதைந்து அப்படியே இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "அவுத்துவிட்டாங்க வாப்பா" என்றேன்.