மண் வீரனின் சப்பாத்து

மெல்போர்னிலிருந்து சீனாவின் சியான் நகரத்துக்குச் சுற்றுலா போன எங்கள் குழுவில் பாத மருத்துவர் ஒருவர் இருந்தார். இலங்கையின் மன்னார்க்காரர். வெள்ளை மீசை, தோளில் ஒரு பை. யாரோடு பேசினாலும் முதலில் அவர்கள் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார்.

களிமண் படைவீரர்களைப் பார்க்கப் போன அன்று, வரிசை வரிசையாக நின்ற ஆயிரக்கணக்கான முகங்களை நாங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டியிட்டிருந்த ஒரு வில்வீரனுக்குப் பின்னால் குந்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவன்ர சப்பாத்தின்ர அடியைப் பாருங்கோ. வழுக்காமல் இருக்க எவ்வளவு தையல்!"

"ஆமா அங்கிள். ஆனா இந்த ஷூவைப் போட்டுக்கிட்டு இவன் நடக்கவே போறதில்லையே? ராஜாவோட கல்லறையில புதைக்கத்தானே செஞ்சாங்க?"

"ஓம், அது செய்தவனுக்கும் தெரியும். எண்டாலும் காலைக் கவனிச்சிருக்கிறான்." அப்படியே என் பக்கம் திரும்பினார். "நீங்கள் காலமை தொடக்கம் நொண்டுறியள். கழட்டுங்கோ."

மனைவி வேண்டாம் என்று சொல்லியும் நான் வாங்கிய புது ஷூ, இரண்டு சுண்டுவிரலையும் கடித்திருந்தது. அதனால் அவளிடம் மூச்சுவிடவில்லை. மருத்துவர் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டினார். ஷூவைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று, படையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி என் போனை அவரிடமே கொடுத்தேன்.

மெல்போர்னில் எங்கள் மல்கிரேவ் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் படத்தைப் பார்த்தோம். படை மங்கலாக இருந்தது. எனக்குத் தலையே இல்லை. பிளாஸ்டர் போட்ட இரண்டு விரல்கள் மட்டும் அவ்வளவு தெளிவு. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதைச் சட்டம் போட்டு ஷூ ஸ்டாண்டுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். என்னை இத்தனை அக்கறையாக வேறு யாரும் படம் எடுத்ததில்லை.