அரயாவுக்கு முன்னால்

“வலப்பக்கம் குழிடா! இடப்பக்கம் ஒடி!”

முன்னால் மிதித்த ஒக்பாய் கத்தினார். சரளையில் சக்கரம் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்னாலிருந்து அரயாவின் குரல். “விழுந்து எழுந்தப்புறம் சொல்லு. இன்னும் நல்லா வெளங்கும்.”

“விழுந்துட்டியா?”

“இல்ல. கொஞ்சம் முன்னாடியே சொல்லுன்னு சொல்றேன்.”

மலைச்சரிவு ஊரான நெஃபாசித்திலிருந்து மேட்டில் இருக்கும் அவர்கள் ஊர் அஸ்மாராவுக்கு ஏறும் மலைப்பாதை. செங்கடலிலிருந்து கிளம்பிய மூடுபனி பள்ளத்தாக்கை நிரப்பிவிட்டுப் பாதைக்கு வந்திருந்தது. ஒக்பாய்க்குத் தன் முன்சக்கரமும் அதற்கப்பால் ஒரு பஸ் நீளத்துக்குத் தாரும் தெரிந்தன. அரயாவுக்கு அதுவும் தெரியாது. அந்த வருஷம்தான் அவருடைய வலது கண் போயிருந்தது. இடது கண் வெயிலில் சமாளிக்கும். பனியில் உதவாது.

அரயாவின் மனைவி அப்ரெஹெத் காலையில் வாசலிலேயே சொல்லிவிட்டாள். “சைக்கிள்லயே திரும்பி வந்தா நான் வாயைத் திறக்கல. பஸ் மேல ஏத்திக்கிட்டு வந்தா, நாளைக்கு எங்க அண்ணன் வந்து சைக்கிளைக் கொண்டுபோயிடுவாரு. வாங்க ஆள் பார்த்து வச்சிருக்காரு.” கணவனுக்குச் சொன்னதை ஒக்பாயைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஒக்பாய் மக்ரோனி ஆலையில் உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். சூட்டைப் பார்த்துக் கதவைத் திறப்பதும் மூடுவதும்தான் வேலை. பேச ஆள் கிடையாது. அவருக்குப் பெண் பார்த்தது அக்கா. வீடு பார்த்தது மாமனார். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பாதை என்பதை அரயா முடிவு செய்வார். இளவயதிலிருந்தே முன்னால் அரயா, ஒரு முழம் தள்ளிப் பின்னால் ஒக்பாய். முன்னால் போகிறவர் காற்றை உடைத்துக்கொடுத்தால் பின்னால் வருகிறவருக்கு மூச்சு மிச்சம். மற்றவர்கள் முறை மாற்றிக்கொள்வார்கள். இவர்கள் மாற்றியதே இல்லை. யாராவது கேட்டால் அரயா, “இவன் முன்னால போனா சூடானுக்குப் போயிடுவோம்” என்பார். ஒக்பாயும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று பனிக்கு முன்பே மேலே வந்திருக்கலாம். நெஃபாசித்தில் அரயாவின் சித்தி மகள் லெத்தாய் காபிக்கொட்டை வறுத்துக் காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டாவது சுற்று முடிந்ததும் ஒக்பாய் எட்டிப் பார்த்தார். பள்ளத்தாக்கின் அடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

“கிளம்பலாமா?”

“மூணாவது குடிக்காமலா? அதுதான் அண்ணே ஆசீர்வாதம். நடுவுல எழுந்தா எனக்குல்ல ஆகாது!” லெத்தாய் மண்குடுவையில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

“உக்காருடா. பனிக்கும் ஒரு கோப்பை குடுக்கலாம்” என்றார் அரயா, சோளப்பொரியை மென்றுகொண்டே.

மூன்றாம் சுற்று வெறும் வாசனைத் தண்ணீர்தான். ஆனால் அதை விட்டு எழுந்தவர் என்று அந்த ஊரில் யாரும் கிடையாது. குடித்து முடித்து, ஊருக்கு வெளியே முதல் வளைவுக்கு வந்தபோது பனியும் வந்துவிட்டது. அரயா காலை ஊன்றி நின்றார்.

“நீ முன்னால போ” என்றார்.

குழியைக் கை நீட்டிக் காட்டுவதுதான் வழக்கம். இன்று கை பிரயோஜனமில்லை. ஒக்பாய் வாயால் சொல்லிக்கொண்டே போனார். வளைவு. எதிரே லாரி. குரங்குக் கூட்டம், நிற்காதே. பிறகு ஒன்றும் இல்லாத நேர்ப்பாதை வந்தது. அதுதான் சிரமமாக இருந்தது.

“எங்கடா போன? பேசு.”

“என்னத்தப் பேச?”

“உன் மக்ரோனியப் பத்திச் சொல்லேன்.”

சொன்னார். அவசரப்பட்டு உலர்த்தினால் மேலே காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும், பெட்டியில் போட்ட பிறகு தானாக வெடிக்கும் என்றார். அரயா கேட்டுக்கொண்டே மிதித்தார்.

“இத்தன வருஷம் இதைச் சொல்லலியே நீ.”

“உன் முதுகுகிட்ட என்னத்தச் சொல்ல?”

“முதுகு எப்படி?”

“வருஷா வருஷம் அகலமாச்சு. எனக்கு நல்லதாப் போச்சு, காத்தே படல.”

இப்போது காற்று அவர் நெஞ்சில் நேராக மோதியது. கடைசி ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தார். ஒரு பஸ் அவர்களைத் தாண்டிப்போய் நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

“பெரியவரே, ரெண்டையும் மேல தூக்கிப் போடுங்க. சட்டுனு ஊர் வந்துடும்.”

இருவரும் இறங்கி நின்றார்கள். ஒக்பாய் அரயாவின் பதிலுக்குக் காத்திருந்தார். அரயா, ஒக்பாய் மூச்சுவாங்கும் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள் ஒரு கோழி கத்தியது. “ஏறுவாங்களா மாட்டாங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“வேண்டாம் தம்பி” என்றார் ஒக்பாய். “நீ மெதுவாப் போ. பின்விளக்கு எரியட்டும், அதைப் பார்த்து வந்துடறோம்.”

இரண்டு வளைவுவரை சிவப்பு விளக்கு தெரிந்தது. அதற்குப் பிறகு அரயாவுக்கு இருந்தது ஒக்பாயின் குரல் மட்டும்தான். தொண்டை வறண்டு, சொன்னதையே திரும்பச் சொல்லி, மாமனாரைப் பற்றிக்கூட ஏதோ சொல்லி முடித்தபோது பனி காலுக்குக் கீழே நின்றுவிட்டது. மேட்டில் வெயில் அடித்தது. அரயா முந்தவில்லை. ஒக்பாயின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளியே ஊருக்குள் வந்தார்.

அப்ரெஹெத் வாசலில் நின்று சக்கரங்களின் சேற்றைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஒக்பாய்க்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆலையில் அது யாருக்கும் தெரியவில்லை. உலர்த்தும் அறையின் ஒரு கதவு சரியாக மூடவில்லை, கீலுக்கு எண்ணெய் போட்டார்கள். அரயா கண் சொட்டு மருந்து வாங்கப் போனார். தீர்ந்துவிட்டது, புதன்கிழமை வரச் சொன்னார்கள். சாயங்காலம் அப்ரெஹெத்தின் அண்ணன் சைக்கிளை வாங்கும் ஆளோடு வந்தார். மூன்று சுற்றுக் காபி குடித்துவிட்டு இருவரும் நடந்தே போனார்கள்.