பெட்டியின் ஓரத்து எண்

சென்ட் லோரன்ட் பழக்கிடங்கில் என்னோடு அவகாடோ பெட்டிகள் இறக்கிய மெக்சிகோக்காரர் ஒடிசலானவர். கம்பளித் தொப்பியைக் கழற்றவே மாட்டார். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் அச்சிட்டிருக்கும் தோட்ட எண்ணைப் படித்த பிறகே அடுக்குவார். சிலவற்றைக் கைபேசியில் படமும் எடுத்துக்கொள்வார்.

“தம்பி, அந்தாளோட கனக்கக் கதை வச்சுக்கொள்ளாதையும்,” என்றார் எங்கள் மேற்பார்வையாளர். “பழத்துக்குள்ள போதைத்தூள் வந்தா எங்களையும் சேர்த்துத்தான் உள்ளுக்குப் போடுவாங்கள்.”

எனக்கும் ஐயம் வலுத்தது. ஒருநாள் நேராகவே கேட்டேன்.

திக்கிய பிரெஞ்சில் சொன்னார்: “இது என் அண்ணனின் தோட்டத்து எண். போதைக் கும்பல் கப்பம் கேட்டது. இராணுவம் தலைவனைப் பிடித்ததும் கும்பல் இரண்டாகி, இரண்டும் கேட்டன. அம்மாவை அழைத்துக்கொண்டு நான் வந்துவிட்டேன், அண்ணன் வரவில்லை. இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை. இந்த எண் வந்தால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று பொருள்.”

“தோட்டத்தைப் பறித்துக்கொண்டவர்களும் இதே எண்ணில்தானே அனுப்புவார்கள்?” யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

அவர் அடுத்த பெட்டியைத் தூக்கினார்.

“தெரியும். படங்களை மாலையில் அம்மாவிடம்தான் காட்டுகிறேன். அவரிடம் இதைக் கேட்டுவிடாதீர்கள்.”

அதன் பிறகு அவரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கடையில் அவகாடோவைக் கையிலெடுக்கும்போதெல்லாம், இதை யார் அனுப்பியிருப்பார்கள் என்று தயங்கி நிற்கிறேன்.